கச்சான் காலம்

பவிதரனின் தொடையைச் சுற்றி அளக்க
தையல்நாடா போதவில்லை என்றொரு கதை
பரந்தன் பக்கம் உலாவுகிறது.
பொய்தான்.
பரப்பியவர்களில் நானும் ஒருவன்.

கடைசி இருநூறு மீற்றர் அவனுடையது.
முதல்நாள் கிளிநொச்சியில்
என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவன் புறப்பட்டபோது
காதோரம் ஒரு லொறி போனதுபோல் இருந்தது.
பன்னிரண்டு விநாடி.
பிறகு மாலை, வெடி,
யாரோ அவன் தலையில் கவிழ்த்த சோடா.

பிழை அங்கேதான் தொடங்கியது.

இரண்டாம் நாள் பரந்தன் சந்தி தாண்டமுன்னமே
ஆறுபேர் பாய்ந்தார்கள். பிடித்தோம்.
தருமபுரத்தில் நாலுபேர். பிடித்தோம்.
விசுவமடுவில் பாய்ந்தவர்களை
முல்லைத்தீவில் மாலையோடுதான் பார்த்தோம்.
அவனோடு சேர்ந்து கோட்டுக்கு வர
எவனுக்கும் விருப்பமில்லை.
கெட்டிக்காரனுக்கு வாய்க்கிற தனிமை இது:
காலையில் எல்லாரும் தோளில் தட்டுவார்கள்,
பிறகு அவனில்லாத றேஸ் ஒன்றை
முன்னால் கொண்டுபோய் ஓடுவார்கள்.

மூன்றாம் நாள் முல்லைத்தீவிலிருந்து மேற்கே.
ஆடியில் மேற்கே என்றால் கச்சானுக்குள்ளே.
அந்தக் காற்றுக்கு முகமில்லை, உள்ளங்கை மட்டும்தான்.
நெஞ்சில் வைத்துத் தள்ளும். நெடுகத் தள்ளும்.
பன்னிரண்டு விநாடிக்குக் கட்டிய உடம்பு
மூன்றாம் மணித்தியாலத்தில் என்ன செய்யும்?
கலியாணக் கிடாரத்தில்
ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொதிக்கவைப்பதுபோல்
விறகுதான் எரிகிறது.

ஒட்டுசுட்டானில் நான் முன்கூட்டத்தில் இருந்தேன்.
ஒன்பது பேர்.
வருசத்தில் இரண்டுமுறை வருகிற கால் அன்றைக்கு வந்திருந்தது.
அமலதாஸ் அண்ணர் மோட்டார்சைக்கிளைப் பக்கத்தில் அணைத்து
"நில்லடா. அவன் கழன்றிட்டான். கூட்டிக்கொண்டு வா" என்றார்.

வீதியோரம் ஒரு காலை ஊன்றி நின்றேன்.
எட்டு முதுகுகள் பாலைமரங்களுக்குள் சிறுத்துப் போயின.
கச்சான் வறுத்துக்கொண்டிருந்த பெண்
சட்டியிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள்:
"காத்துப் போட்டுதோ தம்பி?"
ஓம் அக்கா, என்றேன்.

அவன் வந்தான், உதட்டில் உப்புப் படிந்து.
"நீ போ மச்சான்" என்றான்.
வாய்தான் சொன்னது.
அதற்குள் அவன் முன்சில்லு
என் பின்சில்லுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து
ஒண்டிவிட்டது.

வென்றவனின் நேரத்தோடு இருபது நிமிசம்.
அதற்குப் பிந்தினால் வீட்டுக்குப் போகலாம்.

மாங்குளத்தில் ரயில் கடவை மூடியிருக்க வேண்டும் என்று
இருவரும் ஒன்றும் பேசாமல் வேண்டிக்கொண்டோம்.
திறந்திருந்தது.
பிறகு தார், காடு, தார்,
என் இடுப்புக்குப் பின்னால் அவனுடைய மூச்சு,
ஒருமுறை வாந்தி,
யானை கடக்கும் என்று எழுதிய பலகை.

மல்லாவியில் வளைவு திரும்பப் பதாகை தெரிந்தது.
இருநூறு மீற்றர்.

பழக்கம்தான் என்று நினைக்கிறேன்.
என் வலப்பக்கத்தால் அந்த லொறி போனது.
முன்னால் எவருமில்லை, வெல்ல ஒன்றுமில்லை,
ஆனாலும் தலையைத் தாழ்த்தி
சைக்கிளை இடமும் வலமும் எறிந்து எறிந்து,
கிளிநொச்சியில் போனமாதிரியே.
சனம் எழும்பி நின்று கத்தியது.

அவன் நாலு விநாடி மிச்சம் வைத்து உள்ளே.
நான் ஏழு விநாடி பிந்தி வெளியே.

இரவு பாடசாலை மண்டபத்தில்
பாய் விரித்துக்கொண்டிருந்தேன்.
ஒரு பை கச்சானோடு வந்து பக்கத்தில் இருந்தான்.
கோது உடைத்தோம்.
"எனக்குத் தெரியாதடா" என்றான்.
எது என்று நான் கேட்கவில்லை.

நாளைக்கு வெள்ளாங்குளம் தாண்டிப் பூநகரிவரை
மறைப்பில்லாத வெளி. காற்று பக்கவாட்டில்.
நான் லொறியில்
கழற்றிய சில்லுகளைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.
தனக்கு முன்னால் யார் என்று
அவனும் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.
மிச்சப் பையை என் பக்கம் தள்ளிவிட்டு
கூரைத் தகரம் அடிபடுகிற சத்தத்தையே
கேட்டுக்கொண்டிருந்தான்.